தியேட்டர் ஆல்டெக் ஹார்ன் வீட்டில் காதைக் குத்துகிறது: டிரைவரை மாற்றவா, கிராஸ்ஓவரை மாற்றவா?

கல்மண்டபம் ரெக்கார்டு:

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு பழைய தியேட்டரை இடித்தபோது, திரைக்குப் பின்னால் இருந்த ஆல்டெக் ஸ்பீக்கர் ஜோடி இரும்புக் கடைக்குப் போனது. அங்கிருந்து வாங்கி வந்தேன். 15 அங்குல ஊஃபர் (பேஸ் யூனிட்) 803ஏ, மேலே 811பி ஹார்ன், அதன் பின்னால் ஹார்னுக்குள் சத்தத்தை அனுப்பும் 802டி டிரைவர். எல்லாம் 16 ஓம். பேஸை ஊஃபருக்கும் டிரெபிளை ஹார்னுக்கும் பிரித்து அனுப்பும் கம்பெனி கிராஸ்ஓவர் பெட்டி கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு பிளைவுட் துண்டில் யாரோ கட்டிய சர்க்யூட் இருக்கிறது. ஊஃபருக்கு ஒரு காயில். ஹார்னுக்கு 22 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் இரண்டு, நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்தது. ரெசிஸ்டர் எதுவும் கிடையாது.

ஆம்ப் ஈஎல்84 வால்வு போட்டது, பக்கத்துக்கு 10 வாட். அறை 10க்கு 14 அடி. பேஸ் அருமை. ஆனால் சீர்காழி கோவிந்தராஜன் உச்சத்துக்குப் போனால் அம்மா சமையலறையிலிருந்து எழுந்து வந்து நிறுத்தச் சொல்கிறார். வயலின், நாகஸ்வரம் இரண்டும் குத்துகின்றன. இன்னொரு குறை, இடது பக்கம் குரல் மெலிந்து, உடம்பே இல்லாமல் வருகிறது.

கடைக்காரர் ஒருவர், “802 எல்லாம் செத்துப்போன காந்தம், என்னிடம் கொடுத்துவிட்டுப் புது டைட்டானியம் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார். இன்னொருவர் வெளிநாட்டுக் கண்டன்சர் போடச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

தண்டையார்பேட்டை சவுண்ட்:

தம்பி, 802டி-யை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். காதைக் குத்துவது டிரைவரின் குற்றம் இல்லை. அதற்குப் போகும் அளவை யாரும் குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் தண்டையார்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவன். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஹார்ன் யூனிட்டோடுதான் பிழைப்பு. இந்த ஆல்டெக் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ வரிசை 1945-ல் வந்தது. அது எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். முன்னால் துளை போட்ட திரை. டிரெபிளில் ஒரு பங்கு திரையைத் தாண்டாமலே நின்றுவிடும். தாண்டியது நீளமான ஹாலில் காற்றில் தேயும். மிச்சத்தை உட்கார்ந்திருக்கும் கூட்டம் உறிஞ்சும். கடைசி வரிசைக்கு வசனம் கேட்க வேண்டும் என்றால் ஹார்னைக் குறைக்காமல் விட்டதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பிளைவுட் சர்க்யூட்டைக் கட்டியவர் அந்த ஹாலுக்காகக் கட்டியிருக்கிறார். உங்கள் வீட்டில் ஹார்னுக்கும் காதுக்கும் நடுவில் எட்டு அடி இருக்குமா? திரையும் இல்லை.

ஊஃபர் ஒரு வாட்டுக்கு 100 டெசிபெல் பக்கம் தருகிறது என்றால், ஹார்னில் பூட்டிய டிரைவர் அதைவிட 8, 10 டெசிபெல் கூடுதலாகத் தரும். அந்த வித்தியாசத்தைத்தான் குத்தலாகக் கேட்கிறீர்கள். பத்து ரூபாய் கண்டன்சரை எடுத்துவிட்டு ஐயாயிரம் ரூபாய் கண்டன்சர் போட்டாலும் அந்த 8 டெசிபெல் அப்படியே இருக்கும். சொல்லப்போனால் கூடலாம். காய்ந்த எலக்ட்ரோலிட்டிக்குக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும், அது ஓரளவு தணித்துக்கொண்டிருந்தது. புது பிளாஸ்டிக் கண்டன்சரில் அது கிடையாது. “கண்டன்சர் மாற்றினேன், இன்னும் கத்துகிறது” என்று வருபவர்களுக்கு நடப்பது இதுதான்.

வழி சுலபம். 10 ஓம், 10 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் பக்கத்துக்கு இரண்டு வாங்குங்கள். ஒன்று டிரைவருக்கு சீரிஸில், இன்னொன்று டிரைவரின் இரண்டு முனைக்கும் குறுக்கே. 16 ஓம் டிரைவரும் குறுக்கே உள்ள 10 ஓமும் சேர்ந்தால் 6.15. சீரிஸ் 10-ஐக் கூட்டினால் 16.15. கிராஸ்ஓவருக்கு இன்னமும் 16 ஓம் யூனிட்டாகவே தெரியும், அளவு மட்டும் 8.4 டெசிபெல் இறங்கும். இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக விழுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னும் குறைக்க வேண்டுமா, சீரிஸில் 12, குறுக்கே 6.8 போடுங்கள், 11 டெசிபெல் வரும். ரொம்ப அடங்கிவிட்டது என்றால் சீரிஸில் 8.2, குறுக்கே 15. அது 6 டெசிபெல்தான் குறைக்கும். சீரிஸ் ரெசிஸ்டர் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டிரைவரின் இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதோடு சேர்ந்து சத்தமும் ஏறி இறங்கும், கிராஸ்ஓவர் புள்ளியும் நகர்ந்துவிடும்.

அப்புறம் அந்தக் கண்டன்சர். 22-ம் 22-ம் அப்படிச் சேர்ந்தால் 11 மைக்ரோ. 16 ஓமுக்கு 900 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். ஆனால் ஒற்றைக் கண்டன்சர் ஆக்டேவுக்கு, அதாவது ஃப்ரீக்வென்சி பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 6 டெசிபெல்தான் குறைக்கும். 811பி 800 ஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்ய வைத்த ஹார்ன். அதற்குக் கீழே போகப்போக ஹார்னின் காற்றுச் சுமை டயாஃப்ரமை (டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடு) தாங்காது, அது அளவுக்கு மீறி ஆடும். அதனால் 12 டெசிபெல் சர்க்யூட் கட்டுங்கள். 800 ஹெர்ட்ஸ், 16 ஓம் என்றால் 8.8 மைக்ரோ, 4.5 மில்லிஹென்றி. ஊஃபருக்குக் காயில் சீரிஸில், கண்டன்சர் குறுக்கே. ஹார்னுக்குக் கண்டன்சர் சீரிஸில், காயில் குறுக்கே.

கண்டன்சருக்கு எங்கேயும் ஆர்டர் போட வேண்டாம். சீலிங் ஃபேன் கண்டன்சர் 440 வோல்ட் ஏசி தாங்கும் பாலிப்ரொப்பிலீன் ரகம். 4, 2.5, 2.5 மூன்றைப் பேரலலாகப் போட்டால் 9 மைக்ரோ, நமக்குத் தாராளம். எம்.சி. ரோடு பக்கம் எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். காசை ஊஃபர் காயிலில் போடுங்கள். கனமான எனாமல் ஒயரில், காற்றுக் கோராகச் சுற்றி, ரெசிஸ்டன்ஸ் 1 ஓமுக்குள் வர வேண்டும். இரண்டு காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் படுக்கவைக்காதீர்கள், ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் ஏறும். ஒன்று படுத்திருந்தால் மற்றது நிற்கட்டும்.

இடது பக்கத்துக்கு வருவோம். குரல் மெலிகிறது என்றால் கிராஸ்ஓவர் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒன்று, அந்தப் பக்கக் கண்டன்சர் காய்ந்து மைக்ரோ குறைந்திருக்கும். இல்லை, டிரைவருக்குள் யாரோ வேறு டயாஃப்ரம் மாட்டியிருப்பார்கள். ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டு டிரைவரையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 16 ஓம் யூனிட் டிசியில் 16 காட்டாது, குறைவாகவே காட்டும். இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காந்தம் செத்தது என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது. இதில் இருக்கும் ஆல்னிகோ காந்தம் கொஞ்சம் இறங்கியிருந்தாலும், நாமே 8 டெசிபெல்லை ரெசிஸ்டரில் எரிக்கப் போகிறோம், அதில் அடிபட்டுப் போகும். காந்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்க விடாதீர்கள். பிரித்தால் அப்போதுதான் உண்மையில் சாகும்.

பெரம்பூர் டிஜிட்டல்:

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் இந்தக் காலத்தில் ஏன் காயில் சுற்ற வேண்டும்? ஆம்ப்புக்கு முன்பே டிஜிட்டலாகச் சத்தத்தைப் பிரிக்கும் டிஎஸ்பி போர்டு ஒன்று, இரண்டு ஜோடி ஆம்ப். வெட்டும் புள்ளியை மொபைலில் நகர்த்தலாம். ஹார்ன் முன்னே பின்னே இருந்தால் டிலே கொடுக்கலாம், 1 மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். காயிலில் இது முடியாது.

தண்டையார்பேட்டை சவுண்ட்:

முடியாது, ஒத்துக்கொள்கிறேன். டிஎஸ்பி நல்ல வழிதான். ஆனால் இரண்டு விஷயத்தை விடக் கூடாது. டிரைவரை நேராக ஆம்ப்பில் கொடுத்தால், சுவிட்ச் போடும்போது வரும் ஒரு ‘டப்’ போதும், எளிதில் கிடைக்காத டயாஃப்ரம் போய்விடும். 47 மைக்ரோ கண்டன்சர் ஒன்று சீரிஸில் கட்டாயம் வேண்டும். 16 ஓமோடு அது 210 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வெட்டும், 800-ஐத் தொடாது. இன்னொன்று, டிஎஸ்பியில் அளவைக் குறைத்தால் பாட்டு குறையும், ஆம்ப்பின் இரைச்சல் குறையாது. இவ்வளவு கூர்மையான டிரைவரில் அந்த ‘ஸ்ஸ்’ ராத்திரி நேரத்தில் அறை முழுக்கக் கேட்கும். ஆம்ப்புக்கும் டிரைவருக்கும் நடுவில் ரெசிஸ்டர் இருந்தால் இரைச்சலும் 8 டெசிபெல் இறங்கும். டிஎஸ்பி வைத்தாலும் அந்த இரண்டு 10 ஓமை எடுக்காதீர்கள். தம்பியிடம் நல்ல வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே கேட்கட்டும்.

கல்மண்டபம் ரெக்கார்டு:

அண்ணா, மீட்டரில் பார்த்தேன். வலது 11 ஓம் பக்கம், இடது 6 ஓம் பக்கம். இரண்டு வெளி மூடியும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வலது பக்கத்துக்கு மட்டும் 12 டெசிபெல் சர்க்யூட்டும் இரண்டு 10 ஓமும் போட்டுக் கேட்டேன். அம்மா எழுந்து வரவில்லை. நாகஸ்வரத்தின் சீவாளி சத்தம் தனியாகத் தெரிகிறது, குத்தல் இல்லை. ஆனால் தாளத்தின் மேல் மினுமினுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. இடது பக்கத்தை என்ன செய்வது?

தண்டையார்பேட்டை சவுண்ட்:

அப்படியென்றால் இடதில் இருப்பது 8 ஓம் டயாஃப்ரம். தியேட்டரில் அவசரத்துக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள், படம் ஓடியாக வேண்டுமே. 11 மைக்ரோவுக்கு 8 ஓம் என்றால் 1,800 ஹெர்ட்ஸில் வெட்டும். 900-லிருந்து 1,800 வரை குரலின் உடம்பு இருக்கும் இடம், அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது.

16 ஓம் டயாஃப்ரம் கிடைக்கும் வரை இப்படிச் செய்யுங்கள். இடது பக்கம் சீரிஸில் 12, குறுக்கே 10. எட்டும் பத்தும் சேர்ந்தால் 4.44, அதோடு 12 சேர்ந்து 16.44. சர்க்யூட் மாற்றவே வேண்டாம். 8 ஓம் யூனிட் அதே வோல்டேஜுக்கு 3 டெசிபெல் கூடுதலாக வாங்கும். இந்த ஜோடி 11.4 குறைக்கும், வலது 8.4. சரியாகச் சமமாகும்.

மினுமினுப்புக்கு, வலது பக்கத்து சீரிஸ் 10 ஓமின் முதுகில் 2.2 மைக்ரோ ஃபிலிம் கண்டன்சர் ஒன்றை ஒட்டுங்கள். 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போகும். இடது 12 ஓமுக்கு 1.8 போடுங்கள். தாளம் தெளிவாகும், குரலில் கை வைக்காது.

டயாஃப்ரம் மாற்றும் வேலையை லேத் பட்டறையில் செய்யாதீர்கள். இரும்புத் தூள் காந்த இடைவெளியில் ஏறினால் மாஸ்கிங் டேப்பை உள்ளே விட்டு விட்டு எடுக்க வேண்டும், பாதி நாள் போய்விடும். 802-ல் டயாஃப்ரம் பின் மூடிக்குள் இருக்கிறது. இடம் பிடித்துக் கொடுக்க முளைகள் இருப்பதால் நடுவாக்குவது கஷ்டமில்லை. டைட்டானியம் வேண்டாம். எளிதில் உடையாது என்பது உண்மை, ஆனால் பக்கத்துக்கு ஒரு உலோகம் வைத்தால் ஸ்டீரியோ நிற்காது.

காசிமேடு ஆடியோ:

ஒரு சேர்க்கை. 811பி வார்ப்பு அலுமினியம். விரலால் தட்டிப் பாருங்கள், கோயில் மணி மாதிரி ஒலிக்கும். கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ஷீட் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கிறது. ஹார்னின் வெளிப்புறம் முழுக்க ஒட்டினேன். பாட்டில் இருந்த ஒரு தகரத்தனம் போனது. உள்புறம் எதுவும் ஒட்டக் கூடாது. கடல் காற்றுக்கு டெர்மினலில் பச்சை பிடித்திருந்தால் அதையும் சுத்தம் செய்துவிடுங்கள், எங்கள் பக்கம் ஒரு மழைக்காலத்திலேயே பிடித்துவிடுகிறது.

கல்மண்டபம் ரெக்கார்டு:

இரண்டு பக்கமும் முடித்துவிட்டேன். இப்போது குரல் நடுவில் நிற்கிறது. ஹார்ன் ஒயரின் பிளஸ், மைனஸைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

தண்டையார்பேட்டை சவுண்ட்:

கட்டாயம் பாருங்கள். 12 டெசிபெல் சர்க்யூட்டில் ஊஃபரும் ஹார்னும் 800-ல் நேர் எதிராக நிற்கும், அதனால் ஒன்றைத் திருப்புவதுதான் கணக்கு. ஆனால் ஹார்ன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். 800 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். ஹார்ன் 21 சென்டிமீட்டர் நகர்ந்தாலே நேர் எதிராகிவிடும். ஒரு பக்கம் மட்டும் மோனோவில் போட்டு, ஆண் குரல் ஒன்றை வைத்துத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள். எதில் நெஞ்சு நிறைந்து வருகிறதோ அதை வைத்துக்கொண்டு, ஹார்னை இரண்டு இரண்டு சென்டிமீட்டராகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இடம் கிடைத்ததும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தையும் அதே அளவில் வையுங்கள். அந்தப் பழைய பிளைவுட் சர்க்யூட்டைத் தூக்கிப் போடாமல் பெட்டிக்குள்ளேயே கட்டி வையுங்கள்.