அண்டி ஆபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) பிஎஃப்: அந்த 1,250 சேமிப்பா?

குழித்துறை கணக்கன்:
"தொழிலாளி 12, முதலாளி 12, ஆக 24 சதவீதம் சேமிப்பு. அண்டி ஆபீஸ் அக்காமாருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"னு தக்கலைக்காரர் நேத்து எழுதிப் போட்டிருக்காரு. பாஸ்புக்கை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீரா வோய்? சம்பளம் 15,000-ன்னா அக்கா பங்கு 1,800. முதலாளி பங்குன்னு நிக்கது வெறும் 550, அதாவது 3.67 சதவீதம். மிச்சம் 1,250 (8.33 சதவீதம்) பென்ஷன் கட்டத்துக்குப் போயிருது, அதுக்கு வட்டி ஒரு பைசா ஏறாது. 12-ம் 3.67-ம் கூட்டினா 15.67. உமக்கு 24 எங்க இருந்து வந்துது?

தக்கலைக்காரன்:
8.33 பென்ஷனுக்குப் போறது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையும் முதலாளிதானே கட்டுதாரு? பத்து வருஷம் கட்டினா 58 வயசுல சம்பளம் 15,000 பெருக்கல் வருஷம் 10 வகுத்தல் 70, மாசம் 2,143. போட்டது ஒண்ணரை லட்சம், 70 மாசத்துல திரும்பியாச்சு. அதுக்கப்புறம் ஆயுசு உள்ளவரைக்கும் வரும், அக்கா போனா வீட்டுக்காரருக்குப் பாதி. இது சேமிப்பு இல்லன்னா எதுதான் சேமிப்பு?

குழித்துறை கணக்கன்:
ரெண்டு பேரும் போயி, பிள்ளைகளுக்கும் 25 வயசு தாண்டியாச்சுன்னா? முதல் திரும்பாது. முதலைத் திருப்பித் தாற ஏற்பாட்டை 2008-லயே எடுத்துட்டாங்க. திரும்பாத காசுக்குப் பேரு சேமிப்பாம்!

கருங்கல் பய:
1,250-ஐப் பிடிச்சுத் தொங்காதீங்க. ஆபீஸ் பூட்டிக் கிடக்க நாளையெல்லாம் மாசக் கணக்குல முதலாளி என்சிபி நாள்னு (சந்தா கட்டாத நாள்) ஏத்துதான், அது அத்தனையும் பென்ஷன் சர்வீஸ்ல கழியும். பத்து வருஷம் தோலு உரிச்ச அக்காவுக்கு ஒன்பதே சொச்சம்தான் நிக்கும். ஒன்பதரைக்கு வந்தா பத்தா எடுப்பாங்க. வரலன்னா மாசப் பென்ஷன் கிடையாது, 10சி படிவம் போட்டு மொத்தமா வாங்கிட்டுப் போகணும். ஆபீஸ் மாறுறவங்க பழைய கணக்கை மாத்தாம விட்டாலும் இதே கதிதான்.

தக்கலைக்காரன்:
சீசன் தொழிலுக்கு ஒரு சீசன் வேலை பார்த்தாலே முழு வருஷக் கணக்கு. பென்ஷன் திட்டத்தை வாசியும்.

குழித்துறை கணக்கன்:
எது சீசன்? ஆப்பிரிக்காக் கொட்டை தூத்துக்குடியில வந்து இறங்குது, வருஷம் முழுக்க வறுக்காங்க. போன மாசம், கயிறு மாதிரித் தொழிலுக்கு 12-க்குப் பதிலா உள்ள 10 சதவீதச் சந்தாவை முந்திரிக்கும் எழுதினவரு நீருதானே? பீடி, செங்கல், சணல், கயிறு... முந்திரி அதுல எங்க இருக்கு?

தக்கலைக்காரன்:
அதை இன்னும் சுமந்துட்டா திரியுதீரு? முதலாளிக்குக் கணக்கு எழுதுறவரு தொழிலாளிக்கு அழுறது நல்ல வேடிக்கை. முதலாளி பங்கையும் கூலியிலயே பிடிக்கப்பிடாதுன்னு பிஎஃப் திட்டத்துல 31-ம் பத்தி இருக்கு. உங்க பக்கத்து ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு எழுதட்டா?

குழித்துறை கணக்கன்:
எழுதும், நல்லா எழுதும். நான் எழுதுற சலான் 15-ம் தேதிக்குள்ள போயிரும். பிந்தினா வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி, அபராதம் தனி. தொழிலாளி பங்கு பிந்தினா வருமான வரியில செலவாவும் காட்ட முடியாதுன்னு 2022-ல உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு. இன்னொண்ணு. முதலாளி கட்டுறது 12 இல்ல, 13. இன்சூரன்ஸ் அரை, நிர்வாகக் கட்டணம் அரை. அதையும் கூட்டி 25 சதவீதம் சேமிப்புன்னு போடும், ஒரு லட்டு தாறேன்.

கருங்கல் பய:
விலகின தேதியை முதலாளி ஏத்தலன்னா, கடைசிச் சந்தாவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு அக்காமாரே ஏத்தலாம். இதை யாராவது சொன்னீங்களா?

தக்கலைக்காரன்:
பென்ஷனுக்கு அரசாங்கம் போடுற 1.16-ஐ நான் விட்டுட்டேன் பாத்துக்கும். 24 இல்ல வோய், 25.16! லட்டு எப்ப வரும்?

குழித்துறை கணக்கன்:
அந்த 1.16 பாஸ்புக்ல எந்தக் கட்டத்துல இருக்கு? படம் பிடிச்சுப் போடும். அதுவரைக்கும் 15.67தான்.