புதுப்பிப்பு: தேய்ச்சு பளபளன்னு ஆக்கின வெள்ளி ரூபா, கடைசில நியூட்ரல்தான் போட்டேன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, இபே ஏலத்துல எடுத்த 1918 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபா, போட்டோல ஒரிஜினல் மினுமினுப்பு மாதிரி தெரிஞ்சுது, கைக்கு வந்தா யாரோ நல்லா தேய்ச்சுக் கழுவினது (அப்படிப் பண்ணா சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பு குறைஞ்சிடும்), வித்தவருக்கு ரேட்டிங்ல நெகட்டிவ் போடலாமா வேணாமான்னு. பாதிப்பேர் தயங்காம போடுன்னீங்க, மீதிப்பேர் பாவம் விட்ருன்னீங்க.

முதல்ல எடை போட்டேன். இருக்க வேண்டியது 11.66 கிராம், கிட்டத்தட்ட அதே வந்துச்சு, ஸோ போலியா இருக்க வாய்ப்பு கம்மி. அப்புறம் வித்தவருக்கு மெசேஜ் பண்ணா, பாதிப் பணம் தரேன் ஆனா பாசிட்டிவ் போடணும்ங்கறார், இது ரூல்ஸ்படியே தப்பு, அந்த ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல. மூணாம் நாள் அனுப்பிடுங்க, முழுப் பணமும் தரேன்னார், தந்துட்டார்.

அவரும் திருப்பி நெகட்டிவ் போட்டா என்ன பண்ணுவன்னு கேட்டவங்களுக்கு: 2008லேர்ந்து அங்க விக்கிறவங்க நமக்கு பாசிட்டிவ் மட்டும்தான் போட முடியும். அதுக்கு முன்னாடி பழிக்குப் பழின்னு போடுவாங்கன்னு பயந்தே பலபேர் வாயத் திறக்கல (நானும்தான்).

நியூட்ரல் போட்டு நான் எழுதினது: "அசல் வெள்ளி, எடை சரி. கழுவியதைக் குறிப்பிடவில்லை. கேட்டதும் பணம் திரும்ப வந்தது."

அதே ரூபா நேத்து மறுபடி ஏலத்துல வந்திருக்கு, இந்தத் தடவ முதல் வரியிலயே கழுவினதுன்னு போட்டிருக்கார்.