குருத்தணு மாற்றா, கொடையணு நடவா?

> 'தண்டுச் செல் மாற்று அறுவை சிகிச்சை' என்பது பத்திரிகைகளில் பரவிவிட்டது. ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்டேஷனுக்கு இனி எதற்கு இன்னொரு சொல்?

வணக்கம் ஐயா. ஸ்டெம் செல் சிகிச்சைக்கு 'நடவு' முதலிய தமிழ்ச் சொற்களை நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பரவிய சொல்லை அசைப்பது கஷ்டம்தான். ஆனால் இந்தத் தொடரில் 'அறுவை', 'தண்டு' இரண்டுமே ஆளைத் திசை திருப்புகின்றன.

ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் இந்தச் சிகிச்சையில் நோயாளிக்கு அறுவையே கிடையாது. அவர் விழித்தபடி படுத்திருப்பார். மார்பில் பொருத்திய குழாய் வழியாக, ரத்தம் ஏற்றுகிற மாதிரி, ஒரு பை திரவம் இறங்கும். கொடையாளருக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஜி-சி.எஸ்.எஃப். என்ற, மஜ்ஜையைத் தூண்டும் மருந்தை நாலைந்து நாள் ஊசியாகப் போட்டால் மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள் (ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள்) ரத்தத்துக்கு வந்துவிடும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அவற்றைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சிலருக்கு மட்டும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி வழியாக மஜ்ஜையை எடுப்பார்கள். முதுகெலும்பில் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் முதுகுத்தண்டிலிருந்து எடுப்பார்கள் என்ற பயம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நாமே 'தண்டு' என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா?

'ஸ்டெம் செல்' என்ற பெயர் ஒரு ஜெர்மன் சொல்லின் மொழிபெயர்ப்பு. 1868இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் எழுதிய 'ஷ்டாம்செல்லெ'தான் மூலம். அந்த 'ஷ்டாம்' என்பதற்கு அடிமரம் என்றும் பொருள், குலம் என்றும் பொருள். அவர் மனதில் இருந்தது வம்சாவளி மரம். ஆகவே கீரைத்தண்டு, வாழைத்தண்டு என்று போக வேண்டாம். 'குருத்தணு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதை வைத்துக்கொள்வோம். இலங்கைப் பாடநூல்களில் செல் என்பது 'கலம்'. அங்குள்ள நண்பர்கள் 'குருத்துக்கலம்' என்று எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

> 'எலும்பு மஜ்ஜை மாற்று' போதாதா? ஆஸ்பத்திரியில் எல்லாரும் பி.எம்.டி. (போன் மேரோ டிரான்ஸ்பிளான்ட்) என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957இல் தன் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது மஜ்ஜைதான் ஒரே மூலம். இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியபோதும் மஜ்ஜைதான். ஆனால் 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மான் குழுவினர் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டே ஒரு சிறுவனுக்கு இதைச் செய்தார்கள். இன்று பெரும்பாலும் ரத்த நாளத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். எடுக்கும் இடத்தைப் பெயரில் வைத்தால் இடம் மாறும்போது பெயரும் பொய்யாகும். வார்டின் பெயர்ப்பலகையில் பி.எம்.டி. இருந்துவிட்டுப் போகட்டும்.

> நீங்கள் சொன்ன 'நடவு' கவிதை மாதிரி இருக்கிறது. மருத்துவத்துக்குச் சரிப்படுமா?

நான் அதைத் தனிச்சொல்லாகப் பார்க்கவில்லை. இந்தச் சிகிச்சை பல கட்டங்களாக நடக்கிறது, எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். முதலில் புசல்ஃபான், ஃபுளூடராபின் போன்ற மருந்துகள், சிலருக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சு. எஞ்சிய புற்றணுக்களைக் கொல்வது, பழைய மஜ்ஜையை ஒழிப்பது, வருகிற புது அணுக்களை உடல் விரட்டாமல் இருக்க அதன் எதிர்ப்பை அடக்குவது என்று அவற்றுக்கு மூன்று வேலை. இதை 'பண்படுத்தல்' என்கிறேன். இவ்வளவு கொடூரமான மருந்துக்கு இவ்வளவு மென்மையான பெயரா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் 'கண்டிஷனிங்' ஷாம்பு விளம்பரச் சொல், பரவாயில்லையா!

பண்படுத்திய இடத்தில் வேறோர் இடத்து நாற்று வந்து இறங்குவது நடவு. அது பிழைத்துக்கொண்டால் நம் விவசாயி வேர் பிடித்துவிட்டது என்பார். ஏற்றிய அணுக்கள் மஜ்ஜையில் நிலைத்து வேலை தொடங்கும் என்கிராஃப்ட்மென்டுக்கு 'வேர்பிடிப்பு'. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள், ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கு மேல் நின்றால் வேர்பிடித்ததாகக் கணக்கு. பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் "கவுண்ட் ஏறிடுச்சா?" என்று கேட்பது இதைத்தான்.

'கிராஃப்ட்' என்பதற்கு 'ஒட்டு' என்ற சொல்லையும் ஒருவர் முன்வைத்திருந்தார். தோலுக்கு அது பொருந்தும். இந்த அணுக்களை யாரும் எங்கும் ஒட்டுவதில்லை. ரத்தத்தில் சுற்றித் தாமாகவே மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துப் போகின்றன.

> மல்டிபிள் மைலோமா (மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) நோயாளிக்கு அவருடைய அணுக்களையே எடுத்து, உறையவைத்து, திருப்பிக் கொடுக்கிறோம். அதுவும் நடவா?

நல்ல கேள்வி கேட்டீர்கள், டாக்டர். இந்த விவாதத்தின் சிக்கலே இங்கேதான். அங்கே புற்றைக் கொல்வது அதிக அளவில் கொடுக்கும் மெல்ஃபலான். அந்த மருந்து மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால், முன்பே எடுத்து வைத்த அணுக்களைத் திருப்பிக் கொடுத்து ஆளைக் காப்பாற்றுகிறோம். அணுக்களுக்கு மீட்பு வேலை மட்டும்தான்.

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் பிறருடைய அணுக்களைக் கொடுக்கும்போது கதை வேறு. கொடையாளரின் நோயெதிர்ப்பு அணுக்கள், ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிக்கின்றன. அச்சில் வார்த்த இரட்டையரிடமிருந்து பெற்றவர்களுக்கு, மற்ற உடன்பிறப்புகளிடமிருந்து பெற்றவர்களைவிட நோய் திரும்புவது அதிகம். வேற்றுமை கொஞ்சம் இருந்தால்தான் அந்தத் தாக்குதல் நடக்கிறது. நாட்பட்ட மைலாய்டு லுகேமியா திரும்பியவர்களுக்கு, அதே கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகளை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) ஏற்றியே நோயைப் பின்வாங்கவைத்ததை 1990இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் குழு காட்டியது.

ஒன்றில் புற்றோடு போரிடுவது மருந்து மட்டும். மற்றதில் மருந்தோடு சேர்ந்து, பிறரிடமிருந்து வந்த அணுவும் போரிடுகிறது. இரண்டையும் 'மாற்று' என்றால் படிப்பவருக்கு இது தெரியாமலே போகும். அதனால் என் முன்மொழிவு: இரண்டுக்கும் பொதுவாக 'குருத்தணு ஏற்றம்', ஏனென்றால் ரத்தம் 'ஏற்றுவது' எல்லாருக்கும் தெரியும். தன் அணுவானால் 'தன்னணு மீளேற்றம்'. பிறர் அணுவானால் 'கொடையணு நடவு'. வேர்பிடிப்பு மட்டும் இரண்டுக்கும் பொது.

நோயாளி, கொடையாளர் இருவரின் அணுக்களிலுள்ள அடையாளக் குறிகளை ஒப்பிடும் எச்.எல்.ஏ. ஒப்பீட்டுக்குத் 'திசுப்பொருத்தம்' போதும். உடன்பிறந்த ஒருவருடன் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். பெற்றோரும் பிள்ளைகளும் பாதி பொருந்துவார்கள், அதற்கு 'அரைப்பொருத்தம்'. ஜாதகம் ஞாபகத்துக்கு வருகிறதென்றால் வரட்டும், சொல் நினைவில் நிற்கும்.

மிச்சம் ஜி.வி.எச்.டி. (கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ்). 'ஒட்டு எதிர் ஓம்புநர் நோய்' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். படிப்பவர் யாரும் யார் யாரைத் தாக்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. உடல் புது அணுவை ஏற்கவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்: புது அணு நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குகிறது. 'கொடையணுத் தாக்குநோய்' என்று வைக்கலாமா? நீளமாகப் பட்டால் சுருக்கித் தாருங்கள். தாக்குவது கொடையணு என்பது மட்டும் சொல்லில் இருக்க வேண்டும்.