பேச்சு புரிகிறது, குறிப்பு புரிவதில்லை

மூத்தவள்:
தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை தவறுவதில்லை. காதில் குரல் கேட்பதும் நின்றுவிட்டது. ஆனால் போன வாரம் வீட்டுக்கு வந்தவர், "நேரமாகிவிட்டதே" என்று மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இவன் "பத்து இருபது" என்று மணி சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். அதையாவது சிரித்துவிட்டு விடலாம். கதவு சற்று வேகமாகச் சாத்தினால் போதும், "என் மேல் என்ன கோபம்?" என்கிறான், காற்று என்றால் நம்புவதில்லை. முந்தாநாள் பொறுமை இழந்து, "உனக்கு யார் மேலும் அக்கறையே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். பேசாமல் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான். இது நோயா, சுபாவமா? மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா?

பயிற்சியறை:
இத்தகையவர்களுடன் வேலை செய்பவன் நான். நோய்தான். ஆனால் மாத்திரையைக் கூட்டினால் இது சரியாகாது. மருந்து குரலையும் வீண் சந்தேகத்தையும் அடக்கும். கவனம், நினைவு, குறிப்பறிதல் ஆகியவற்றில் அதன் பலன் சொற்பம். கோர்கோரன், மெர்சர், ஃப்ரித் மூவரும் 1995இல் இதற்கென்றே ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சின்னச் சின்னக் கதைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் ஜாடையாக ஏதோ சொல்வார், அவர் மனதில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கடிகாரக் கதையை அப்படியே அதில் சேர்த்துவிடலாம்!

கதவு விஷயம் வேறு. அதற்கு இன்னொரு சோதனை உண்டு. இரண்டு ஜாடிகள்: ஒன்றில் 85 பாசிமணி ஒரு நிறம், 15 வேறு நிறம், மற்றதில் நேர்மாறு. ஒரே ஜாடியிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டுவார்கள், அது எந்த ஜாடி என்று சொல்ல வேண்டும். பொய்யான நம்பிக்கைகள் உள்ளவர்களில் பலர் ஓரிரு மணிகளிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். உங்கள் கதவுச் சத்தமும் அப்படி ஒரே ஒரு பாசிமணிதான்.

இன்னொன்று: மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடைல் என்ற மருந்தும் சாப்பிடுகிறாரா? அது நினைவாற்றலை மங்கச் செய்யும். இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதினோராம்_ஆண்டு:
நானும் அதே நோய்க்காரன். நான்கு பேர் பேசும்போது முதல் வாக்கியத்தை நான் பிடிப்பதற்குள் மூன்றாவது ஆள் சிரித்துவிடுவார். எதற்குச் சிரித்தார் என்று தெரியாது. காரணம் தெரியாத சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே படும். இதற்கென்று போன ஒரு பயிற்சியில் ஒரு வீடியோவைப் பாதியில் நிறுத்தி, "கண்டது எது, ஊகித்தது எது?" என்று பிரிக்கச் சொன்னார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, குழந்தைகள் வகுப்பு மாதிரி. இன்று பஸ்ஸில் யாராவது முறைத்தால் அந்தக் கேள்விதான் கைகொடுக்கிறது. தம்பியிடம் ஜாடை வேண்டாம். "இவர் கிளம்ப வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். அக்கறை இல்லாதவன் உங்கள் தட்டை ஏன் கழுவுகிறான்?

மூத்தவள்:
தட்டை நான் யோசிக்கவே இல்லை. இன்று மாலை கதவு அறைந்ததும் நானே முந்திக்கொண்டு "காற்று" என்றேன். "ஜன்னல் மூடியிருக்கிறதே அக்கா" என்றான். மூடித்தான் இருந்தது. கோபம்தான்; வேலை செய்யும் இடத்தில் ஒருவர் மேல். அதைச் சொன்னேன். "என் மேல் இல்லையா?" என்றான். இல்லை என்றேன். "சரி, யார் மேல்?" என்று கேட்டு எதிரே உட்கார்ந்துகொண்டான்.