பேங்க்ல ட்ரெயினிங் குடுக்கறோம்னு சொல்றாங்களே, நிஜமா உதவுதா?

பி.ஓ_தஞ்சாவூர்:
அரசு பேங்க்ல பி.ஓ.வா (ப்ரொபேஷனரி ஆபீசர்) சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஹெச்.ஆர்.லேர்ந்து வாராவாரம் மெயில், இ-லேர்னிங் முடிங்க இல்லைன்னா அப்ரைசல்ல கை வைப்போம்னு. சரி, ஸ்டாஃப் காலேஜ்ல (பேங்கோட சொந்த ட்ரெயினிங் சென்டர்) கிரெடிட், அதான் கடன் குடுக்கற வேலைக்கான ட்ரெயினிங்குக்கு நானே கேட்டு வாங்கி நாமினேஷனும் வந்துச்சு, பிராஞ்ச்ல ஆள் இல்லைன்னு மேனேஜர் ரிலீவ் பண்ணி அனுப்பல. எல்லா பேங்க்லயும் இப்படித்தானா?

கவுண்டர்_நம்பர்_3:
இ-லேர்னிங்கா? சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பக்கம் சைபர் செக்யூரிட்டி வீடியோ ஓடும், இன்னொரு பக்கம் நான் நகைக்கடன் ரினியூவல் போட்டுட்டு இருப்பேன், நடுநடுவுல நெக்ஸ்ட் தட்டணும் அவ்ளோதான். விடையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல வந்துரும். எனக்கு நூத்துக்கு நூறு 😂

ரிட்டயர்மென்ட்_பக்கம்:
தம்பி, ஒரேயடியா குறை சொல்லாதீங்க. ஜேஏஐஐபி, அதுக்கு அடுத்த சிஏஐஐபின்னு பேங்க் ஊழியர்களுக்கான பரீட்சைங்கள பாஸ் பண்ணா இன்கிரிமென்ட் உண்டு, எங்க பேங்க்ல பரீட்சை ஃபீஸும் திருப்பித் தந்துடறாங்க, இது சின்ன விஷயமா? என்ன, படிக்கறது பூரா நம்ம ஞாயித்துக்கிழமைல. அதுவும் 2023ல சிலபஸ மாத்தி ஜேஏஐஐபி மூணு பேப்பர நாலாக்கிட்டாங்க, கைக்குழந்தை வெச்சிருக்கற பொண்ணுங்க பாடு திண்டாட்டம்.

கிரெடிட்_அக்கா:
கிரெடிட், ட்ரெஷரி (பேங்க் பணத்த முதலீடு பண்ற பிரிவு), ரிஸ்க், அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்களுக்கு சர்டிபிகேஷன் வேணும்னு ஆர்பிஐ 2016லயே சொல்லியாச்சு. நடக்கறது என்னன்னா மொதல்ல சீட்ல உக்கார வெச்சுட்டு அப்புறமா பரீட்சை எழுதுன்றாங்க. நான் தொழில் கத்துக்கிட்டது என் பழைய மேனேஜர் கூட ஸ்டாக் இன்ஸ்பெக்ஷன் (கடன் வாங்கினவங்க சரக்கு நிஜமா இருக்கான்னு நேர்ல பாக்கறது) போயித்தான். ஒரு ரைஸ் மில்லு, அவங்க குடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல (சரக்குக் கணக்கு) மூட்டைக் கணக்கு அமோகமா இருக்கு, சார் அதத் தொடவே இல்ல, ஈபி பில்ல எடுத்துட்டு வாங்கன்னாரு, பாத்தா மூணு மாசமா மில்லு ஓடவே இல்ல! இத எந்த ஸ்லைடுலயும் சொல்லித் தரமாட்டாங்க, அவர் கூட்டிட்டுப் போனாரு அதனால தெரிஞ்சுது. அதான் சொல்றேன், ஹெட் ஆபீஸ் எவ்ளோ கோர்ஸ் போட்டாலும் பிராஞ்ச் ஹெட் மனசு வெச்சாதான் உண்டு. நீ வாயால கேக்காத, ரீஜினல் ஆபீஸுக்கு மெயில் போடு, குவார்ட்டர் எண்டு இல்லாத மாசமா பாத்துக் கேளு, ஆள் இல்லைன்னா டெபுடேஷன்ல, அதான் தற்காலிகமா வேற பிராஞ்ச்லேர்ந்து, ஒருத்தர அனுப்பச் சொல்லி அதுலயே எழுது.

பி.ஓ_தஞ்சாவூர்:
தேங்க்ஸ்க்கா, ஜூலை பேட்ச் கேட்டு இப்பவே அனுப்பிட்டேன். சிசில மேனேஜரையும் போட்டிருக்கேன், நாளைக்கு என்ன சொல்லப் போறாரோ 😬