ரெண்டாவது சுத்துல மனசு விட்டுடுது, எப்படி சரி பண்றது?

ரெண்டுசுத்து
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 16, ஸ்கூல் டீம்ல 800 மீட்டர் ஓடறேன். போன வருஷம் வரைக்கும் டீம்ல நான்தான் ஃபர்ஸ்ட், இப்போ எட்டு மாசமா 2:12லயே நிக்கறேன், ஒரு செகண்டு கூட குறையல. ஒன்பதாவது படிக்கிற ஒரு ஜூனியர் போன வாரம் 2:09 ஓடிட்டான், 4x400 ரிலேல என் இடம் அவனுக்கு போயிடுச்சு. முதல் சுத்து 61ல வந்துடறேன், பின்னாடி யாருமே இருக்க மாட்டாங்க, ஆனா 600 தாண்டினதும் கால் கல்லு மாதிரி ஆயிடுது, மனசு "போதும் விடு"னு சொல்லுது, ரெண்டாவது சுத்து 71. ராத்திரி மோட்டிவேஷன் வீடியோ பாக்கறேன், ரெண்டு நாள் வெறியா இருக்கு, அப்புறம் பழையபடி. காலைல 5 மணிக்கு ப்ராக்டிஸ், படுக்க 12 ஆயிடும். ஒரு வருஷத்துல 9 சென்டிமீட்டர் வளர்ந்துட்டேன், முட்டிக்கு கீழ கொஞ்சம் வலி இருக்கு, ஆனா அது பெரிய விஷயம் இல்ல. என் பிரச்சனை மனசு தான். மனசை எப்படி ஸ்ட்ராங் ஆக்கறது? ஓடி ஜெயிச்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

வேகம்77
தம்பி, மனச விட்டுடாத. பாஸ்கெட்பால் மைக்கேல் ஜோர்டனையே ஸ்கூல் டீம்ல இருந்து தூக்கிட்டாங்க, அவர் வீட்டுக்கு போய் அழுதாரு, ஆனா விடாம வெறியா ஆடி ஜெயிச்சாரு. உன் இடத்த ஒரு சின்ன பையன் எடுத்துட்டான்ல, அந்த கோவத்த அப்படியே வச்சிக்கோ, அதான் உனக்கு பெட்ரோல். வலிய எல்லாம் கண்டுக்காம ஓடு. வலி இல்லாம யாரும் ஜெயிச்சது இல்ல.

விசில்
நான் பன்னெண்டு வருஷமா ஸ்கூல் பசங்களுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோ தம்பி.

முதல்ல ஜோர்டன் கதை. அவரை டீம விட்டே தூக்கல. 1978ல, லேனி ஹைஸ்கூல்ல, அவருக்கு 15 வயசு, சீனியர் டீம்ல இடம் கிடைக்கல, ஜூனியர் டீம்ல போட்டாங்க. அந்த இடம் அவரை விட ரொம்ப உயரமான அவரோட வயசு பையனுக்கு போச்சு, ஏன்னா டீமுக்கு உயரம் தேவைப்பட்டுச்சு. அந்த வருஷம் ஜூனியர் டீம்ல ஆடினாரு, வளர்ந்தாரு, அடுத்த வருஷம் சீனியர் டீமுக்கு போனாரு. நான் இத ஏன் சொல்றேன்னா, "தூக்கிட்டாங்க, வெறியில ஜெயிச்சாரு"ன்னு மட்டும் கேட்டா நடுவுல ஒரு முழு வருஷம் ஜூனியர் டீம்ல பொறுமையா ஆடினது காணாம போயிடுது. உனக்கு வேண்டியது அந்த வருஷம்தான்.

இப்போ உன் 800. 61, 71. பத்து செகண்டு வித்தியாசம். இது மனசு இல்ல தம்பி, கணக்கு. உலக ரெக்கார்டு டேவிட் ருடிஷாவோடது, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ், 1:40.91. முதல் சுத்து 49.28, ரெண்டாவது 51.63. உலகத்துலயே வேகமான ஆளுக்கே ரெண்டாவது சுத்து மெதுவா தான் வந்துச்சு, ஆனா வித்தியாசம் ரெண்டரை செகண்டு கூட இல்ல. நீ முதல் சுத்துலயே கையில இருக்கறத எல்லாம் செலவு பண்ணிட்டு, 600ல காலி பையோட நிக்கற, அப்போ மனசு "விடு"னு சொல்லாம வேற என்ன சொல்லும்? கால் அனுப்புற சேதிய தான் அது சொல்லுது. அடுத்த தடவை முதல் சுத்து 64ல வா. முதல் 300 மீட்டர் நாலு பேர் உன்ன தாண்டுவாங்க, அத பொறுத்துக்கறது தான் கஷ்டம், எங்கிட்ட வர்ற பசங்கள்ல பாதி பேருக்கு அது வரவே ஒரு சீசன் ஆகும். நீ மனசு ஸ்ட்ராங் ஆகணும்னு கேட்டல்ல, அது அந்த 300 மீட்டர்ல வேணும், கடைசில இல்ல.

அந்த ஜூனியர் பையன் மேல கோவம் வச்சுக்காத. கூட ஓட ஒருத்தன் கிடைச்சிருக்கான், எட்டு மாசமா உனக்கு அது இல்லாம இருந்துச்சு.

தடைதாண்டி
நான் ஸ்கூல்ல 100 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடினவ, இப்போ பிசியோதெரபிஸ்ட். தம்பி, நீ "கொஞ்சம் வலி, பெரிய விஷயம் இல்ல"ன்னு ஒரே வரில தாண்டிட்ட, நான் அங்கேயே நின்னுட்டேன்.

ஒரு வருஷத்துல 9 சென்டிமீட்டர்னா எலும்பு வேகமா நீண்டுடுச்சு, தசையும் தசைநாரும் அதே வேகத்துக்கு வரல. முட்டிக்கு கீழ தசைநார் வந்து ஒட்டற இடத்துல எலும்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்கும், ஓடறப்போ குதிக்கறப்போ அந்த இடத்த இழுத்துட்டே இருந்தா வலி வரும், சில பேருக்கு சின்னதா வீங்கி முண்டு மாதிரி தெரியும். ஆஸ்குட் ஷ்லாட்டர்னு சொல்லுவாங்க, வளர்ற வயசு விளையாட்டுக்காரங்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றது, பெரும்பாலும் வளர்ச்சி முடிஞ்சா அடங்கிடும். உனக்கு அதுதான்னு நான் பாக்காம சொல்ல மாட்டேன், வேற காரணமும் இருக்கலாம், இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டு. கால் நீளமானதுல உன் ஸ்டெப்பே மாறிப் போயிருக்கும், உடம்பு அத பழகற வரைக்கும் டைம் அப்படியே நிக்கறதும் உண்டு.

எனக்கு 17 வயசுல முழங்காலுக்கு கீழ முன் எலும்புல வலி, ஆறு வாரம் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இடம் போயிடும்னு பயம். கடைசில எலும்புல கீறல் விழுந்து அந்த சீசனே போச்சு. கோச் மேல ஒரு தப்பும் இல்ல, அவருக்கு தெரியவே தெரியாது. இன்னிக்கும் அத நினைச்சா எனக்கு தொண்டை அடைக்கும்.

வேகம்77 அண்ணா, நீங்க நல்ல மனசோட தான் சொல்றீங்க, ஆனா "வலிய கண்டுக்காத"ன்னு வளர்ற பிள்ளைகிட்ட சொல்லாதீங்க. மூச்சு வாங்கறது வேற, எலும்புல ஒரே இடத்துல குத்தறது வேற. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல டீம் ஃபைனல் நடுவுலயே விலகினாங்க, காத்துல சுத்தறப்போ தன் உடம்பு எங்க இருக்குன்னே தெரியல, அப்படியே இறங்கினா கழுத்து போயிடும். அதே பொண்ணு 2024 பாரிஸ்ல மூணு தங்கம் வாங்கினாங்க. நிறுத்தத் தெரிஞ்சதால தான் திரும்ப வர முடிஞ்சுது.

அப்புறம் தூக்கம். 13ல இருந்து 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேணும். நீ 12க்கு படுத்து 5 மணிக்கு மைதானத்துல நிக்கற, அஞ்சு மணி நேரம் கூட தேறாது. அந்த வீடியோ பாக்கற நேரத்துல தூங்கு செல்லம்.

ரெண்டுசுத்து
படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. அக்கா, அந்த முண்டு எனக்கு இருக்கு, அமுக்கினா வலிக்குது. ஆனா கோச்கிட்ட சொன்னா மொத்தமா உக்கார வச்சுடுவாரோன்னு பயமா இருக்கு. ரிலே போச்சு, 800ம் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

விசில்
வலிய மறைச்சு ஓடற பையன வச்சு எந்த கோச்சாலயும் ப்ளான் போட முடியாது. சொன்னா தான் எத குறைக்கணும் எத மாத்தணும்னு அவருக்கு தெரியும். "முட்டிக்கு கீழ இந்த இடத்துல, இத்தன நாளா, ஓடி முடிச்சதும் ஜாஸ்தி"ன்னு சொல்லு, அவ்ளோதான். பயமா இருந்தா அம்மாவையோ அப்பாவையோ கூட கூட்டிட்டு போ.

வேகம்77
அக்கா சொன்னது சரி. வலி விஷயத்துல அவசரப்பட்டு எழுதிட்டேன், தம்பி அத எடுத்துக்காத. முதல்ல டாக்டர பாரு.

ரெண்டுசுத்து
மூணு வாரம் கழிச்சு எழுதறேன். டாக்டர் பாத்துட்டு அக்கா சொன்ன அதே பேரு தான் சொன்னாரு. இப்போதைக்கு ஓட்டம், குதிக்கறது ரெண்டும் வேணாம், சைக்கிளும் தொடை ஸ்ட்ரெச்சும் மட்டும். கோச் திட்டல, "ஏன்டா முன்னாடியே சொல்லல"ன்னு மட்டும் கேட்டாரு. கஷ்டமா தான் இருக்கு, மத்தவங்க ஓடறத பாக்கறப்போ நெஞ்சு அடிச்சுக்குது. பத்தரைக்கு படுத்துடறேன், காலைல நேரா ஜிம்முக்கு ஏழு மணிக்கு வந்தா போதும்னுட்டாரு. நேத்து கோச் ஸ்டாப்வாட்ச் குடுத்து ஜூனியர் பையனுக்கு லேப் டைம் எடுக்க சொன்னாரு. முதல் சுத்து 63, ரெண்டாவது 65. முடிச்சுட்டு ஓடி வந்து "அண்ணா எவ்ளோ?"ன்னு கேட்டான். விசில் சார், நீங்க சொன்ன கணக்கு என் கையில இருந்துச்சு.