24 வோல்ட் இன்வெர்ட்டர்: இரண்டு சோலார் பேனலும் ஒரு சின்னக் காற்றாலையும் ஒரே பேட்டரியில் சேர்க்கலாமா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். வீட்டில் ஏற்கெனவே 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஓடுகிறது. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லெட் ஆசிட் பேட்டரி இரண்டை சீரிஸில் போட்டிருக்கிறேன். கரண்ட் இருந்தால் சார்ஜ் ஆகும், போனால் ஓடும், அவ்வளவுதான். சாதாரண கரண்ட் கட்டுக்கு இது போதும். புயல், மழை என்றால் அடுத்த நாளும் கரண்ட் வருவதில்லை. அந்த இரண்டாவது நாளுக்குத்தான் வழி தேடுகிறேன்.

ஓட வேண்டியவை: ரவுட்டர், 9 வாட் எல்இடி பல்பு 4, பிஎல்டிசி ஃபேன் 2, ஒரு லேப்டாப். ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

200 வாட் பேனல் இரண்டும், 400 வாட் என்று போட்ட காற்றாலை ஒன்றும் வாங்கலாம் என்று இருக்கிறேன். காற்றாலையின் இறக்கை விட்டம் 1.2 மீட்டர். மாடியில் 3 மீட்டர் குழாய் நட்டு அதில் ஏற்றிவிடலாம். வெயில் இல்லாதபோது காற்று அடிக்கும், ராத்திரியும் சார்ஜ் ஏறும் என்பது என் எண்ணம். இரண்டையும் ஒரே கன்ட்ரோலரில் (பேட்டரியில் ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கொடுக்கலாமா? இந்தச் சாக்கில் பேட்டரியையும் லித்தியத்துக்கு மாற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வயர்மேன்2 எழுதியது:

தாராளமாகச் சேர்க்கலாம் சார். ஹைபிரிட் கன்ட்ரோலர் என்றே கிடைக்கிறது, பேனலுக்குத் தனி டெர்மினல், காற்றாலைக்கு மூன்று வயர் டெர்மினல் இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். கிரிட்டோடு கட்டிய ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். மெயின் கரண்ட் போனதும் அதுவும் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும், பேக்கப்புக்கு உதவாது.

ஓம்விதி எழுதியது:

மொட்டைமாடி, பேனல், காற்றாலை எல்லாம் அப்புறம். முதலில் பேட்டரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ரவுட்டர் 10, பல்பு 36, ஃபேன் 60, லேப்டாப் 50. ஆக 156 வாட். இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்கு எடுத்துக்கொள்வதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சும்மா ஆன் ஆகி நின்றாலே 20 வாட் என்று வையுங்கள். மொத்தம் 176. உங்கள் பேட்டரி 24 × 150, அதாவது 3,600 வாட்-அவர். லெட் ஆசிட்டை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சுருங்கிவிடும் என்பதால் கையில் உள்ளது 1,800. டிசியை ஏசியாக்கும்போது போகிறதைக் கழித்தால் சுமார் 9 மணி நேரம். முதல் ராத்திரி தாண்டிவிடும். பழைய பேட்டரி என்றால் ஸ்டிக்கரில் உள்ள 150-ஐ நம்ப வேண்டாம்.

ஆக, நீங்கள் தீர்க்க வேண்டியது மறுநாள் பகலில் அந்த 1,800-ஐத் திரும்ப நிரப்புவது. லெட் ஆசிட்டில் எடுத்த அளவே போட்டால் நிரம்பாது, 2,200 வாட்-அவர் போல உள்ளே போக வேண்டும். 400 வாட் பேனல், நாலரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான நாளில், சூடு, தூசி, வயர் எல்லாம் போக 1,300 சொச்சம் தரும். பற்றாது. காற்றாலைக்கு வைத்திருக்கும் காசில் இன்னும் 400 வாட் பேனல் போடுங்கள். மேகம் மூடிய நாளில் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்கும். அப்போது பேனல் பரப்பு எவ்வளவு இருக்கிறதோ அதுதான் கைகொடுக்கும். 800 வாட் என்றால் உச்சி வெயிலில் 30 ஆம்பியர் வரை வரும். 150 ஏஎச் லெட் ஆசிட்டுக்கு அது மேல் எல்லை, எம்பிபிடி (பேனலிலிருந்து முடிந்த அளவு சக்தியைக் கறக்கும்) கன்ட்ரோலரில் 25-க்கு அடக்கி வையுங்கள்.

இனி காற்றாலை. காற்றில் உள்ள சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும், இறங்கும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. 1.2 மீட்டர் விட்டம் என்றால் காற்றைப் பிடிக்கும் பரப்பு 1.13 சதுர மீட்டர். எவ்வளவு நல்ல இறக்கையானாலும் காற்றில் இருப்பதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே கணக்குப் போட்டுவிட்டார். இந்த அளவு சின்னதில் இறக்கை, ஜெனரேட்டர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் எல்லாம் தாண்டி 25 சதவீதம் பேட்டரிக்கு வந்தால் நல்ல சாமான். அந்தக் கணக்கில் விநாடிக்கு 12 மீட்டர் காற்றில் 300 வாட் வரும். 6 மீட்டரில் 37 வாட். 4 மீட்டரில் 11. 3 மீட்டரில் 5 வாட்கூட இல்லை, பல காற்றாலைகள் அந்த வேகத்தில்தான் சுற்றவே ஆரம்பிக்கும்.

12 மீட்டர் என்பது மணிக்கு 43 கிலோமீட்டர். அந்தக் காற்றில் கொடியில் துணி நிற்காது. ஸ்டிக்கரில் உள்ள 400 வாட் அந்த மாதிரிக் காற்றுக்குச் சொன்னது. காற்று சீராக அடிக்காமல் விட்டு விட்டு வீசுவதால் உண்மையான விளைச்சல் சராசரி வேகத்தை வைத்துப் போட்ட கணக்கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும், அதையும் சேர்த்தே பார்ப்போம். வீடுகளுக்கு நடுவே மாடியில் சராசரி 2.5 மீட்டர் கிடைத்தால் நாளுக்கு 120 வாட்-அவர். உங்கள் இன்வெர்ட்டர் சும்மா நின்று நாளுக்கு 480 தின்கிறது. ராத்திரி தூங்கப் போகும்முன் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ரவுட்டரை நேரடியாக ஒரு டிசி கன்வெர்ட்டரில் ஓட்டினால் காற்றாலை தருவதைவிட அதிகம் மிஞ்சும்!

வாங்கியே தீருவேன் என்றால் வாட்டைக் கேட்காதீர்கள், சராசரி 5 மீட்டர் காற்றில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். அமெரிக்கக் காற்றாலைத் துறைச் சங்கமான ஏடபிள்யூஇஏ 2009-ல் கொண்டுவந்த விதி சின்னக் காற்றாலைகளை அப்படித்தான் மதிப்பிடச் சொன்னது, வாட்டையும் 11 மீட்டரில்தான் சொல்லச் சொன்னது. பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

மொட்டைமாடி எழுதியது:

விரிவான பதிலுக்கு நன்றி. இன்வெர்ட்டர் தின்பதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் மாடியில் காற்று நன்றாகவே அடிக்கிறது, மாலையில் நிற்க முடியாது. தவிர, கரண்ட் போவதே புயலில்தான். புயலில் காற்றுக்கா பஞ்சம்?

ஓம்விதி எழுதியது:

முகத்தில் அடிக்கும் காற்றும் காற்றாலைக்கு உதவும் காற்றும் வேறு. ஒரு நீளமான கம்பில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக லேசான ரிப்பன் கட்டி மாடியில் நிறுத்திப் பாருங்கள். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் உள்ள ரிப்பன் மேலே எழும், கீழே விழும், சில நேரம் காற்று வரும் திசையையே நோக்கித் திரும்பும். எந்த உயரத்தில் ரிப்பன் நேராக, ஒரே பக்கம் நீட்டி நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்றாலைக்கு வேலை. அதற்குக் கீழே வைத்தால் வால் நிலைகொள்ளாமல் திரும்பிக்கொண்டே இருக்கும், இறக்கை வேகம் பிடிக்கும்முன் திசை மாறிவிடும், பேரிங் தேயும். சுற்றிலும் 100, 150 மீட்டருக்குள் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 9 மீட்டராவது உயரத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். 3 மீட்டர் குழாய் இதில் எந்த மூலைக்கு?

மாடிக் குழாயில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதிர்வு தளம் வழியாக இறங்கி, கீழே படுக்கையறையில் ஒரு முனகலாகக் கேட்கும். பகலில் தெரியாது, வீடு அடங்கிய பிறகுதான் காதில் விழும்.

புயல் விஷயம்: நிஜப் புயலில் சின்னக் காற்றாலையை ஓட விடுவதில்லை, பிரேக் போட்டுக் கட்டி வைப்பார்கள். கரண்ட் போகும் அதே ராத்திரியில் அதுவும் விடுப்பில் இருக்கும். புயல் கடந்த மறுநாளுக்குத்தான் அதனிடம் ஏதாவது எதிர்பார்க்கலாம்.

கடற்காற்று எழுதியது:

ஓம்விதி சொல்வதை மாடிக்கு ஒப்புக்கொள்கிறேன், காற்றாலைக்கே ஒப்புக்கொள்ள மாட்டேன். 1887-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் துணி இறக்கைக் காற்றாலையால் பேட்டரியை சார்ஜ் செய்து வீட்டில் விளக்கு எரித்துவிட்டார். வீட்டுக்கு உதவுகிற பேனல் எல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்தது!

என் இடம் கடலைப் பார்த்த திறந்தவெளி. 12 மீட்டர் கம்பம், நாலு பக்கமும் ஸ்டே வயர், அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும்படி செய்தது. வானம் மூடிக்கொண்டு பேனல் படுத்துவிடும் நாட்களில் இதுதான் பேட்டரியைத் தாங்குகிறது. ராத்திரியும் ஏறும், விடியும்போது வோல்டேஜ் இறங்காமல் இருக்கும். லெட் ஆசிட் நாள்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் படியும், அதற்கும் இது நல்லது.

சும்மா வராது, வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது சாய்த்து இறக்கி இறக்கையின் முன் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். மணலும் உப்பும் அரித்து சொரசொரப்பாகியிருக்கும், அதற்கென்று உள்ள டேப்பை ஒட்டுவேன். ஸ்டே வயரின் முறுக்கு, நட்டு போல்ட், பேரிங் சத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். ஏணி போட்டு ஏறுகிற கம்பமாக இருந்தால் யாரும் ஏற மாட்டார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள். சாய்க்க முடியாத கம்பம் வேண்டவே வேண்டாம்.

மொட்டைமாடி எழுதியது:

சரி, இப்போதைக்கு 800 வாட் பேனல் மட்டும். ரிப்பன் வைத்துப் பார்த்துவிட்டுக் காற்றாலையை யோசிக்கிறேன். ஒருவேளை பிற்பாடு சேர்த்தால் கன்ட்ரோலர் கேள்வியும் லித்தியம் கேள்வியும் அப்படியே நிற்கிறதே?

ஓம்விதி எழுதியது:

இங்கேதான் பேனலும் காற்றாலையும் குணத்தில் வேறு. பேட்டரி நிரம்பியதும் பேனலைத் துண்டித்துவிடலாம். வெயிலில் சும்மா கிடக்கும், ஒன்றும் ஆகாது. ஓடுகிற காற்றாலையைத் துண்டித்தால் அது கயிறு அறுத்துக்கொண்ட காளை. லோடு இல்லாததால் வேகம் ஏறிக்கொண்டே போகும், வோல்டேஜும் கூடவே ஏறும். அதனால் பேட்டரி நிரம்பியபின் வருகிற கரண்ட்டை ஒரு ஹீட்டர் ரெசிஸ்டருக்குத் திருப்பிவிட வேண்டும். டம்ப் லோடு என்பது இதுதான். காற்றாலையின் முழுத் திறனையும் எரித்துத் தீர்க்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும், எரியும் சாமான் எதுவும் பக்கத்தில் கூடாது. காற்றாலையை சோலார் கன்ட்ரோலரின் பேனல் டெர்மினலில் ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

நான் ஹைபிரிட் பெட்டியை விரும்புவதில்லை. பேனலுக்கு எம்பிபிடி தனி, காற்றாலைக்கு டம்ப் லோடோடு தனிக் கன்ட்ரோலர். இரண்டும் பேட்டரியில் போய்ச் சேரட்டும், ஒவ்வொரு லைனுக்கும் பேட்டரியை ஒட்டி ஒரு டிசி ஃபியூஸ். ஏசி எம்சிபியை அங்கே போட வேண்டாம். ஏசியில் கரண்ட் விநாடிக்குப் பல தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணையும். டிசியில் அந்த வாய்ப்பே இல்லை, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும்.

இரண்டு கன்ட்ரோலர் போட்டால் வரும் ஒரு சிக்கல் உண்டு, மாட்டுபவர்களே பலர் இதைச் சொல்வதில்லை. பேனல் கன்ட்ரோலர் பேட்டரியை 28.8 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கும். டம்ப் லோடு 27.6-ல் வேலை செய்யும்படி வைத்திருந்தால் என்ன ஆகும்? பேனல் வோல்டேஜை ஏற்ற ஏற்ற அது எடுத்து எரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி கடைசிவரை நிரம்பாது. வெயில் கொளுத்துகிறது, இறக்கை அசையவில்லை, ஆனால் ரெசிஸ்டரில் கை வைக்க முடியாத சூடு: அப்படிப் பார்த்தால் செட்டிங்தான் கோளாறு. டம்ப் லோடை பேனல் கன்ட்ரோலரின் உச்சத்துக்குக் கொஞ்சம் மேலே, 29.2 மாதிரி வையுங்கள். ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது) தானாக ஓடும் கன்ட்ரோலரில் வோல்டேஜ் அதையும் தாண்டும், அந்த வசதியை அணைத்துவைத்து, வேண்டும்போது கையால் போடுங்கள்.

லித்தியம்: எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) நல்ல பேட்டரி, 80, 90 சதவீதம் வரை இறக்கலாம், எடுத்ததைவிடக் கொஞ்சம் மட்டும் கூடுதலாகப் போட்டாலே நிரம்பும். பேனல் மட்டும் என்றால் தயங்காமல் மாறலாம், ஆனால் பழைய இன்வெர்ட்டரின் மெயின் சார்ஜரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்றாலையோடு என்றால் யோசிக்க வேண்டும். செல் ஒன்று வோல்டேஜ் தாண்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் பட்டென்று பேட்டரியைத் துண்டிக்கும். அந்த நொடியில் காற்றாலை ஓடிக்கொண்டிருந்தால் ஏறுகிற வோல்டேஜ் முழுவதும் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் தலையில் விழும். டம்ப் லோடு பிஎம்எஸ் துண்டிக்கும் எல்லைக்கு நன்றாகக் கீழேயே வேலை செய்ய வேண்டும், பேட்டரியே இல்லாவிட்டாலும் வேகத்தைப் பிடிக்கிற கன்ட்ரோலராகவும் இருக்க வேண்டும். லெட் ஆசிட் இந்த விஷயத்தில் முரட்டு ஆள், எதையும் வாங்கிக்கொள்ளும்.

மொட்டைமாடி எழுதியது:

கடைசியாக ஒன்று. காற்றாலையின் வயரை ஷார்ட் பண்ணித்தான் அதை நிறுத்துவார்கள் என்கிறார்கள், அந்தப் பிரேக் சுவிட்ச் எங்கே வரும்? டிசி பக்கம் ஷார்ட் பண்ணினால் பேட்டரியே ஷார்ட் ஆகாதா?

கடற்காற்று எழுதியது:

ரெக்டிஃபயருக்கு முன்னால், காற்றாலையிலிருந்து இறங்கும் மூன்று வயரையும் ஒன்றோடொன்று சேர்க்கிற சுவிட்ச் அது. பேட்டரி கரண்ட் திரும்பி வராதபடி ரெக்டிஃபயர் தடுத்துவிடும், எனவே பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. வேலை பார்க்கும்போது முதலில் பிரேக், இறக்கை நின்றதும் ஃபியூஸ். வரிசை மாறக் கூடாது. காற்று ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். முழு வேகத்தில் சுற்றும்போது போட்டால் சில காற்றாலைகள் நிற்காது, காயில்தான் கருகும்.